லைட் ரயில் பாதையை நீட்டினால் செலவு ஏறுகிறது, ஆள் ஏறுவதில்லை: ஏன்?

ஒரு நகரத்தில் லைட் ரயில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். அதைப் புறநகர் வரை நீட்டலாம் என்று முடிவெடுப்பார்கள். ஆரம்பத்தில் ஒரு தொகை சொல்வார்கள். வேலை முடியும்போது அது ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு ஆகியிருக்கும். திறந்த சில மாதங்களில் மதிய நேரத்து ரயிலில் ஏறிப் பார்த்தால் பெட்டிக்கு நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். உடனே ஒரு தரப்பு "மக்கள் வரிப்பணம் பாழ்" என்று பேசும். இன்னொரு தரப்பு "பொதுப் போக்குவரத்தை லாப நஷ்டக் கணக்கில் பார்க்கக் கூடாது" என்று பதில் சொல்லும்.

இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு தரப்புமே ஒன்றைத் தவறவிடுகின்றன. செலவு ஏறுவது ஒரு பிரச்சினை, பயணிகள் வராதது வேறொரு பிரச்சினை என்று பிரித்துப் பேசுகிறார்கள். பல இடங்களில் இரண்டும் ஒரே முடிவிலிருந்து வருகின்றன. பாதை எந்த வழியாகப் போக வேண்டும் என்று முதல் வருடங்களில் எடுக்கும் முடிவுதான் அது. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். கணக்கு வரும், ஆனால் பெருக்கல் வகுத்தலுக்கு மேல் எதுவும் இல்லை.

லைட் ரயில் என்பது டிராமுக்கும் மெட்ரோவுக்கும் நடுவில் நிற்கும் வண்டி. மேலே போகும் மின்கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும். சில இடங்களில் சாலையோடு சாலையாக, சிக்னலில் நின்று போகும். சில இடங்களில் தனிப் பாதையில் வேகமாகப் போகும். வட அமெரிக்காவில் இதன் நவீன வடிவம் 1978-ல் கனடாவின் எட்மன்டனில் வந்தது. 1981-ல் கால்கரியும் அமெரிக்காவின் சான் டியேகோவும் தொடங்கின. மெட்ரோவைவிடக் குறைந்த செலவில் ரயில் வசதி என்பதுதான் அப்போது இதன் கவர்ச்சி. அந்தக் காலத்துச் செலவுக்கும் இன்றைய செலவுக்கும் சம்பந்தமே இல்லை என்பது வேறு விஷயம்.

செலவு இரண்டு வகை

பாதை போட, பாலம் கட்ட, நிலம் வாங்க, பெட்டி வாங்க ஆகும் பணம் முதலீட்டுச் செலவு. ஒரு தடவை செலவழிப்பது. டிரைவர் சம்பளம், மின்சாரம், பராமரிப்பு, பாதுகாப்பு இவையெல்லாம் இயக்கச் செலவு. வருடா வருடம் வந்துகொண்டே இருக்கும். செய்தியில் பெரிய எழுத்தில் வருவது முதல் வகை. நகரத்தை மெல்ல மெல்ல அழுத்துவது இரண்டாவது வகை.

அமெரிக்காவில் இந்த வித்தியாசம் இன்னும் கூர்மையாகத் தெரியும். பெரிய ரயில் திட்டத்தின் முதலீட்டில் பாதி வரைக்கும் மத்திய அரசின் மானியமாக வருவது வழக்கம். பெரிய நகரங்களில் அதை ஓட்டும் செலவுக்கு அப்படிப்பட்ட வழக்கமான உதவி கிடையாது. எனவே உள்ளூர் நிர்வாகத்துக்குக் கட்டுவது பாதி விலையில் கிடைத்த மாதிரி தெரிகிறது, ஓட்டுவது முழு விலைக்கு வருகிறது. கட்டத் துணிவதும், கட்டிய பிறகு ரயில்களின் எண்ணிக்கையைக் குறைப்பதும் ஒரே நகரத்தில் நடப்பது இதனால்தான்.

இப்போது ஒரு கற்பனைக் கணக்கு. 8 கிலோமீட்டர் நீட்டிப்பு, செலவு 100 கோடி டாலர் என்று வைத்துக்கொள்வோம். இதை 30 வருடத்துக்கு 3 சதவீத வட்டியில் பரப்பினால் வருடத்துக்குச் சுமார் 5 கோடி டாலர் வரும். இயக்கச் செலவு வருடத்துக்கு 1 கோடி. ஆக மொத்தம் 6 கோடி.

வேலை நாளில் 20,000 பயணங்கள் நடந்தால், சனி ஞாயிறு குறைவதைக் கழித்து வருடத்துக்கு 300 மடங்கு என்று எடுத்தால் 60 லட்சம் பயணங்கள். ஒரு பயணத்துக்கு 10 டாலர் ஆகிறது. பயணிகள் 5,000 மட்டும் வந்தால் வருடத்துக்கு 15 லட்சம் பயணங்கள். ஒரு பயணத்துக்கு 40 டாலர். பயணி கொடுக்கும் டிக்கெட் இரண்டிலும் அதே இரண்டு, இரண்டரை டாலர்தான்.

சரி, பயணிகள் 20,000 வந்து, கட்டும் செலவு மட்டும் 150 கோடியாக எகிறினால்? ஒரு பயணத்துக்குச் சுமார் 14 டாலர் ஆகும். செலவு பாதி மடங்கு கூடியதால் 10 என்பது 14 ஆனது. பயணிகள் கால்வாசியாகக் குறைந்ததால் 10 என்பது 40 ஆனது. பத்திரிகைகள் செலவு உயர்வைத் துரத்துகின்றன. கணக்கில் அதிகம் சேதம் செய்வது பயணிகள் வராததுதான்.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. அமெரிக்க மத்தியப் போக்குவரத்து நிர்வாகம் மானியம் கேட்டு வரும் திட்டங்களுக்கு மதிப்பெண் போடும்போது இதே வகுத்தலைத்தான் செய்கிறது. வருடத்துக்குப் பரப்பிய முதலீடும் இயக்கச் செலவும் சேர்ந்து, ஒரு பயணத்துக்கு எவ்வளவு? 2013-ல் வந்த வழிகாட்டுதலின்படி அது 15 டாலரைத் தாண்டினால் அந்த அளவுகோலில் கடைசித் தரம்.

எண்ணிக்கையைப் படிக்கும்போது கவனம்

"தினமும் 5,000 பேர் பயணிக்கிறார்கள்" என்று செய்தி வந்தால் அது பெரும்பாலும் 5,000 ஆட்கள் அல்ல, 5,000 ஏற்றங்கள். காலையில் போய் மாலையில் திரும்பும் ஒருவர் இரண்டு ஏற்றம். பஸ்ஸில் வந்து ரயில் மாறினால் மொத்தக் கணக்கில் நாலு. கதவருகே இருக்கும் சென்சார் தலைகளைத்தான் எண்ணுகிறது. ஆள் யார் என்று அதற்குத் தெரியாது. எனவே 5,000 என்பது ஏறக்குறைய 2,500 பேரின் அன்றாடம்.

அடுத்த கேள்வி இன்னும் முக்கியம். இவர்கள் நேற்று எப்படிப் போனார்கள்? ரயில் வந்ததும் அதே வழியில் ஓடிய பஸ்களை நிறுத்திவிடுவார்கள். அதில் போனவர்கள் ரயிலுக்கு வருவார்கள். நம் கணக்கில் 5,000 ஏற்றத்தில் 3,500 பழைய பஸ் பயணிகளுடையது என்றால் புதிதாக வந்தது 1,500. ஒரு புதிய பயணத்துக்கு ஆகும் செலவு 130 டாலரைத் தாண்டிவிடும். பஸ் பயணிக்கு ரயிலில் நல்ல சொகுசு கிடைத்திருக்கலாம், அதுவும் ஒரு பயன்தான். ஆனால் வாசலில் நின்ற பஸ் போய், முக்கால் கிலோமீட்டர் நடந்து ரயிலைப் பிடிக்க வேண்டி வந்தவரும் இந்த 3,500-க்குள் இருக்கிறார். அவருடைய நஷ்டம் எந்த அறிக்கையிலும் தனி வரியாக வராது.

நீட்டிப்பு ஏன் புதுப் பாதையைவிடக் கடினம்

ரயில் பாதையின் நடுப்பகுதி நகர மையத்தில் இருக்கும். அங்கே எல்லா நிலையத்திலும் ஆள் ஏறும், இறங்கும். ஒரே இருக்கையில் ஒரே ஓட்டத்தில் மூன்று பேர் மாறி மாறி உட்காருவார்கள். நுனியை நோக்கிப் போகப் போக இறங்குவது மட்டும்தான் நடக்கும், ஏறுவது இல்லை. கடைசி நிலையத்துக்குப் பெட்டி பாதிக் காலியாக வருவது எந்த நகரத்திலும் இயல்பு. நகரம் முதலில் போட்ட பாதை, பெரும்பாலும் அங்கே இருந்த நல்ல இடங்களை எல்லாம் எடுத்துக்கொண்டிருக்கும். நீட்டிப்புக்கு மிஞ்சுவது வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும் பகுதி.

ஆனால் ரயில் அந்தத் தூரம் முழுவதையும் ஓடியே ஆக வேண்டும். நீட்டிப்பு ஒரு பக்கத்துக்கு 15 நிமிடம் கூட்டுகிறது என்றால் போய்வர 30 நிமிடம். பத்து நிமிடத்துக்கு ஒரு ரயில் விட வேண்டுமானால் கூடுதலாக மூன்று ரயில் தேவை. ரயிலுக்கு இரண்டு பெட்டி என்றால் ஆறு பெட்டி. அமெரிக்காவில் ஒரு பெட்டி இன்று 40, 50 லட்சம் டாலர். மூன்று ரயிலுக்கு மூன்று டிரைவர் போதாது. அதிகாலையிலிருந்து நள்ளிரவு வரை, வாரம் ஏழு நாளும், விடுப்பையும் சேர்த்துப் பார்த்தால் பத்துப் பேருக்கு மேல் வேண்டும். நுனியில் ஏறும் சில நூறு பேருக்காக இது முழுவதும் தினமும் நடக்கும்.

நீட்டிப்புக்குச் சாதகமான ஒன்றையும் சொல்ல வேண்டும். புதிய பகுதியில் ஏறுபவர் பழைய பகுதி வழியாகத்தான் போவார். அங்கே ஏற்கெனவே இருக்கும் நிலையங்களுக்கும் அவரால் வியாபாரம் வரும். வண்டி மாறாமல் நேரே போவது பெரிய வசதி. 2021 நவம்பரில் சான் டியேகோவின் நீலப் பாதையைச் சுமார் 18 கிலோமீட்டர் நீட்டினார்கள். திட்டத்தின் மொத்தச் செலவு ஏறக்குறைய 217 கோடி டாலர். அந்த நீட்டிப்பு பெரிய பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே போய் நிற்கிறது. மெக்சிகோ எல்லையில் ஏறியவர் இடம் மாறாமல் அங்கே இறங்கலாம். மாணவர்கள் காலையிலும் போவார்கள், மதியம் இரண்டு மணிக்கும் போவார்கள், இரவு பத்து மணிக்கும் போவார்கள். நுனியில் கூட்டத்தை வரவைக்கும் இடம் ஒன்று இருந்தால் நீட்டிப்பின் கணக்கே மாறிவிடும்.

மலிவான வழி எவ்வளவு விலையாகும்

இனி மையமான விஷயத்துக்கு வருவோம். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தின் பச்சைப் பாதை நீட்டிப்பை எடுத்துக்கொள்கிறேன். என் கணிப்பில், செலவும் பயணிகளும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று படிக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம்.

நகர மையத்திலிருந்து தென்மேற்குப் புறநகரான ஈடன் பிரெய்ரி வரை 14.5 மைல், அதாவது 23 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். பதினாறு நிலையங்கள். திட்டமிடும்போது இரண்டு விதமான வழிகள் மேஜையில் இருந்தன. ஒன்று அப்டவுன் என்ற நெருக்கமான பகுதி வழியாக. அடுக்குமாடி வீடுகள், கடைகள், சொந்தக் கார் இல்லாத வாடகைக்காரர்கள் நிறைந்த இடம். ஆனால் அங்கே போக வேண்டுமானால் சாலைக்கு அடியில் சுரங்கம் தோண்ட வேண்டியிருக்கும் என்று கணக்கு சொன்னது. இன்னொன்று கெனில்வொர்த் வழி. ஏரிகளுக்கு நடுவே போகும் பழைய சரக்கு ரயில் தடம். நிலம் ஏற்கெனவே அரசு கையில் இருந்தது. இடிக்க வீடு இல்லை, தோண்டச் சாலை இல்லை. ஏறவும் அதிகம் பேர் இல்லை. சுற்றிலும் ஏரி, பூங்கா, வசதியானவர்களின் தனி வீடுகள்.

மானியத்துக்கான மதிப்பெண்ணில் மலிவான வழி ஜெயித்தது. 2010-ல் கெனில்வொர்த்தை முடிவு செய்தார்கள். அந்தச் சமயத்து மதிப்பீடு 125 கோடி டாலர்.

அதற்கப்புறம் நடந்ததுதான் பாடம். அந்தத் தடத்தில் ஓடிய சரக்கு ரயிலை வேறு பாதைக்கு மாற்றிவிடலாம் என்று எண்ணியிருந்தார்கள். மாற்ற வேண்டிய பக்கத்து ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. சரக்கு ரயிலும் இருக்க வேண்டும், லைட் ரயிலும் வர வேண்டும், மக்கள் விரும்பும் சைக்கிள் பாதையும் போகக் கூடாது. இருந்த இடமோ ஒடுக்கமானது. கடைசியில் லைட் ரயிலை ஆழமில்லாத சுரங்கத்தில் இறக்குவது என்று முடிவாயிற்று. சுரங்கம் வேண்டாம் என்றுதானே இந்த வழிக்கே வந்தார்கள்! சுமார் அரை மைல் நீளச் சுரங்கம். ஏரிக்கரை மண், நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் இடம். பழைய தானியக் கிடங்குகளை வீடுகளாக மாற்றிய ஓர் உயரமான குடியிருப்பு, தோண்டும் இடத்தை ஒட்டியே நின்றது. வழக்கம்போல இரும்புத் தகடுகளை அதிரவைத்து இறக்கினால் கட்டடத்துக்கு ஆபத்து. அதனால் நிலத்தில் துளை போட்டு, ஒன்றோடொன்று பிணைந்த கான்கிரீட் தூண்களாலேயே ஒரு சுவர் எழுப்பினார்கள். மெதுவான வேலை, விலையான வேலை. இதோடு, பக்கத்தில் ஓடும் சரக்கு ரயில் தடம்புரண்டால் காக்க நீளமான தடுப்புச் சுவரும் கேட்கப்பட்டது.

2018-ல் பெரிய கட்டுமானம் தொடங்கும்போது மதிப்பீடு 200 கோடி டாலர். பிறகு 286 கோடி வரை போனது. 2023-ல் ரயில் ஓடும் என்றார்கள், திறப்பு 2027-க்குத் தள்ளிப்போனது. சிக்கனமான வழி என்று சொல்லித் தேர்ந்தெடுத்தது அப்டவுனையும் விட்டது, சிக்கனத்தையும் விட்டது.

ஆள் இல்லாத இடம் மலிவு. ஏனென்றால் அங்கே ஆள் இல்லை. இதை எந்த நகரத்தின் வரைபடத்தை விரித்தாலும் பார்க்கலாம். பழைய சரக்குத் தடம், நெடுஞ்சாலையின் நடுத்திட்டு, மின்கோபுரம் போகும் வெற்று நிலம், ஆற்றங்கரை. இவையெல்லாம் கையகப்படுத்தச் சுலபம், வழக்கு வராது, கடைக்காரர்கள் போராட மாட்டார்கள். பாதை அந்தப் பக்கம் சரிந்துகொண்டே போகும்.

நிலையத்துக்கு நடந்து வரும் தூரம் அரை மைல், அதாவது 800 மீட்டர் என்பது திட்டக்காரர்கள் பொதுவாக எடுக்கும் அளவு. நிலையத்தை நடுவில் வைத்து 800 மீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டால் 2 சதுர கிலோமீட்டர் வரும். ஒரு பக்கம் சரக்கு ரயில் முற்றமோ எட்டு வழிச் சாலையோ இருந்தால் அதில் பாதி போய்விட்டது. அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரத்து ஆரஞ்சுப் பாதையில் இதைக் கண்ணாலேயே காணலாம். 2015 செப்டம்பரில் திறந்தது; 7.3 மைல், ஏறக்குறைய 149 கோடி டாலர். கார்கள் போக முடியாத, ரயிலும் பஸ்ஸும் சைக்கிளும் நடப்பவர்களும் மட்டும் போகும் அழகான பாலம் அதற்காகவே கட்டப்பட்டது. ஆனால் ஆற்றைத் தாண்டிய பிறகு பாதை சரக்கு ரயில் தடத்தையும் அகலமான நெடுஞ்சாலையையும் ஒட்டியே போகிறது. பைபி நிலையத்தின் கிழக்குப் பக்கம் கோல்ஃப் மைதானம். அங்கிருந்து யார் வந்து ஏறுவார்கள்? பாதை திறந்ததிலிருந்தே கணிப்பைவிடப் பயணிகள் குறைவு.

இந்தப் பள்ளத்தை நிரப்பக் கார் நிறுத்துமிடம் கட்டுவார்கள். காரில் வந்து, நிறுத்திவிட்டு ரயில் ஏறட்டும் என்று. 500 கார் நிறுத்த, உள்ளே திரும்பும் வழியையும் சேர்த்து ஏறக்குறைய ஒன்றரை ஹெக்டேர் வேண்டும். அது காலை எட்டு மணிக்குள் முழுவதும் நிரம்பினாலும் நாளைக்குக் கிடைப்பது சுமார் 1,000 பயணம். எல்லாம் காலை ஒரு பக்கம், மாலை மறுபக்கம். நடுவில் ரயில் காலி. அதே நிலத்தில் குடியிருப்பு இருந்தால் பள்ளிக்கு, ஆஸ்பத்திரிக்கு, கடைக்கு என்று நாள் முழுவதும் ஆள் ஏறும். நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நிலம்தான் ரயிலின் சொத்து. அதைக் காருக்குக் கொடுப்பது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் விஷயம்.

கணிப்பு ஏன் தவறுகிறது

1989-ல் டான் பிக்ரெல் என்ற ஆய்வாளர் அமெரிக்கப் போக்குவரத்துத் துறைக்காகப் பத்து நகர ரயில் திட்டங்களை ஆராய்ந்தார். முன்பு சொன்ன பயணிகள் எண்ணிக்கையையும் வந்த எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வாஷிங்டன் மெட்ரோ மட்டும் கணிப்பில் பாதிக்கு மேல் எட்டியிருந்தது. மயாமியில் வந்தது ஆறில் ஒரு பங்குகூட இல்லை. அப்புறம் டென்மார்க்கைச் சேர்ந்த பெண்ட் ஃப்ளைவ்பியர்க்கும் உடன் ஆய்வாளர்களும் பல நாடுகளின் திட்டங்களைத் தொகுத்தார்கள். 2002-ல் வந்த ஆய்வில் ரயில் திட்டங்களின் செலவு சராசரியாக 45 சதவீதம் கூடியிருந்தது. 2005-ல் வந்த ஆய்வில் பயணிகள் எண்ணிக்கை சராசரியாகக் கணிப்பில் பாதிக்கும் குறைவு.

தவறு தற்செயலாக நடந்தால் பாதித் தடவை மேலேயும் பாதித் தடவை கீழேயும் போக வேண்டும். இங்கே செலவு பெரும்பாலும் கூடும் பக்கம், ஆள் பெரும்பாலும் குறையும் பக்கம். ஒரே திசையில் சாயும் தராசு சரியில்லை என்றுதானே சொல்வோம்.

கணிப்பைப் போடும் கணித மாடலுக்குள் போகும் அனுமானங்களில் சாய்வு ஒளிந்திருக்கும். இருபது வருடத்தில் இந்த நிலையத்தைச் சுற்றி இத்தனை ஆயிரம் வேலைகள் வரும் என்று ஒரு வரி இருக்கும். ரயில் ஏழரை நிமிடத்துக்கு ஒன்று ஓடும் என்று இன்னொரு வரி. திறந்த பிறகு பட்ஜெட் போதாமல் அது பதினைந்து நிமிடமாகும். மையத்தில் கார் நிறுத்தக் கட்டணம் ஏறும் என்று மூன்றாவது வரி. தனித்தனியே எல்லாம் நடக்கக்கூடியவைதான். எல்லாம் ஒன்றாக நடந்தால்தான் அந்த எண்ணிக்கை வரும். மானியத்துக்குப் பல நகரங்கள் போட்டியிடும்போது நல்ல எண்ணிக்கை காட்டுபவருக்குப் பணம் கிடைக்கும். பத்து வருடம் கழித்து அந்த எண்ணிக்கைக்குப் பதில் சொல்ல யாரும் பதவியில் இருக்க மாட்டார்கள். 2020-க்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை என்ற பழக்கமும் சேர்ந்துகொண்டது. காலையில் புறநகரிலிருந்து மையத்துக்கு, மாலையில் திரும்ப என்ற ஒரே ஓட்டத்தை நம்பிய நீட்டிப்புகளை அது நேராக அடித்தது.

செலவு ஏறினாலும் ரயில் நிரம்பிய இடங்கள்

சிட்னியில் நகர மையத்திலிருந்து தென்கிழக்குக்குப் போகும் லைட் ரயிலுக்கு 160 கோடி ஆஸ்திரேலிய டாலர் என்று தொடங்கி 300 கோடியைத் தாண்டியது. ஜார்ஜ் தெருவுக்கு அடியில் இருந்த பழைய கேபிள்களும் குழாய்களும் பெரிய தகராறாகி, 2019-ல் ஒப்பந்தக்காரர்களுக்குக் கூடுதலாக 57.6 கோடி கொடுத்துச் சமாதானம் ஆனது. கட்டிய வருடங்களில் தெருக் கடைகள் மிகவும் பாதிக்கப்பட்டன. அந்த வலி உண்மையானது. ஆனால் பாதை போவது கடைத்தெரு, மைதானம், மருத்துவமனை, பல்கலைக்கழகம் வழியாக. அதனால் ரயில் நிரம்புகிறது. மேலே போட்ட கணக்கை இங்கே போட்டுப் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

எடின்பரோவின் கதை இன்னும் நம்பிக்கை தருவது. விமான நிலையத்திலிருந்து மையம் வழியாக நியூஹேவன் துறைமுகப் பகுதி வரை 54.5 கோடி பவுண்டில் டிராம் போடுவதாகத் தொடங்கினார்கள். 2014-ல் 77.6 கோடி பவுண்டு செலவழித்து மையத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். சாலைக்கடியில் குழாய்கள், கேபிள்கள், ஒப்பந்தச் சண்டை, எல்லாமும். தவறு எங்கே என்று விசாரிக்கத் தனி விசாரணைக் குழுவே அமைந்தது. இந்த அனுபவத்துக்குப் பிறகும், விட்டுப்போன துண்டை நியூஹேவன் வரை நீட்ட அந்த ஊர் துணிந்தது. 2023 ஜூனில் திறந்தார்கள், 20.7 கோடி பவுண்டு, சொன்ன பட்ஜெட்டுக்குள்.

இரண்டு விஷயம் வேறாக இருந்தது. ஒன்று, சாலையின் ஒரு பகுதியை ஒரே தடவை மூடி, குழாய் மாற்றுவது, தண்டவாளம் போடுவது என எல்லா வேலையையும் முடித்துவிட்டுத் திறந்தார்கள். தோண்டி மூடித் திரும்பத் தோண்டவில்லை. முந்தைய சுற்றில் மாற்றிவைத்த குழாய்களும் கைகொடுத்தன. இரண்டாவது, பாதை போன இடம் லீத். ஸ்காட்லாந்திலேயே மிக நெருக்கமாக மக்கள் வாழும் பகுதிகளில் ஒன்று. தெருவின் இரு பக்கமும் நான்கு மாடி வீடுகள், கீழே கடைகள். வீட்டுப் படியிறங்கினால் நிலையம். பயணிகளைத் தேடிப் போக வேண்டிய தேவையே இல்லை.

செலவைக் குறைக்க வேண்டியிருந்தால் எங்கே கைவைக்கலாம் என்பதற்குப் பாஸ்டன் ஒரு வழி காட்டியது. அதன் பச்சைப் பாதை நீட்டிப்பு 2015-ல் 300 கோடி டாலரை நோக்கிப் போனது. ஒப்பந்தங்களை ரத்து செய்து, எல்லாவற்றையும் திரும்ப வரைந்தார்கள். பெரிய நிலையக் கட்டடங்களை எடுத்துவிட்டு எளிய திறந்த மேடைகள், சின்னப் பணிமனை. நிலையங்களின் எண்ணிக்கையும் பாதையும் மாறவில்லை. சுமார் 230 கோடியில் 2022-ல் ரயில் ஓடியது. அடுத்த வருடமே தண்டவாளங்களின் இடைவெளி பல இடங்களில் குறுகலாக இருப்பது வெளியே தெரிந்து சரிசெய்ய வேண்டியிருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனாலும் குறைத்த இடம் சரி. கூரையைக் குறைத்தால் மழையில் நனைவோம். பாதையை ஆளில்லாத பக்கம் தள்ளினால் ரயிலே வீண்.

கட்டிய பிறகு என்ன செய்வது

ஆள் வராத நீட்டிப்பு ஒன்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், போன முதலீடு போனதுதான். இன்றைய கேள்வி, தினமும் ஓட்டும் செலவுக்கு ஏற்ற பயன் வருகிறதா, அதைக் கூட்ட முடியுமா என்பது மட்டும்.

நிர்வாகங்கள் முதலில் செய்வது ரயில் எண்ணிக்கையைக் குறைப்பது. பத்து நிமிடம் என்பது இருபது ஆகும். சராசரிக் காத்திருப்பு ஐந்திலிருந்து பத்து நிமிடம். 15 நிமிடப் பயணத்துக்குப் பத்து நிமிடம் யார் நிற்பார்கள்? இருந்தவர்களில் இன்னும் கொஞ்சம் பேர் போவார்கள், அதைக் காட்டி மறுபடி குறைப்பார்கள். தண்டவாளமும் நிலையமும் பெட்டியும் ஏற்கெனவே வாங்கியாயிற்று. அதன் மேல் ஓடும் ரயில்தான் எல்லாவற்றிலும் மலிவான பகுதி. குறைக்க வேண்டிய கடைசி இடம் அது.

பக்கத்துப் பஸ்களை ரயில் வரும் நேரத்துக்குப் பொருத்துவது, நடந்து வரும் குறுக்குவழிகளைத் திறப்பது, நெடுஞ்சாலையின் மறுபக்கத்துக்கு ஒரு நடைபாலம் போடுவது, இவையெல்லாம் கட்டிய செலவோடு ஒப்பிட்டால் சில்லறை. பெரிய மாற்றம் நில விதியில் இருக்கிறது. நிலையத்தைச் சுற்றித் தனி வீடு மட்டுமே கட்டலாம் என்ற சட்டம் இருக்கும்வரை, எத்தனை வருடம் காத்திருந்தாலும் அங்கே ஆள் குடிவர முடியாது. கால்கரி வேறு வழியில் போனது. மையத்தில் புதிதாகக் கார் நிறுத்துமிடம் பெருகாமல் பல வருடம் இறுக்கிப் பிடித்தது. அகலமாகப் பரந்து கிடக்கும் புறநகர்கள் கொண்ட ஊராக இருந்தும், அதன் லைட் ரயில் வட அமெரிக்காவில் அதிகப் பேர் ஏறும் அமைப்புகளில் ஒன்றானது.

இதற்கெல்லாம் எல்லையில்லாத நேரம் கிடையாது. லைட் ரயில் பெட்டியின் ஆயுள் ஏறக்குறைய 30 வருடம். தண்டவாளம், மின்கம்பி, சிக்னல் என ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம் உண்டு. அவை தேயும்போது மறுபடி முதலீடு கேட்கும், இந்தத் தடவை திறப்பு விழாவும் மானியத்தின் உற்சாகமும் இல்லாமல். 1980-களில் போட்ட பாதைகள் பலவற்றுக்கு அந்தச் செலவு வந்துவிட்டது. இப்போது போடும் நீட்டிப்புகளுக்கு 2050-களில் வரும். அப்போது பெட்டிகளைப் புதிதாக வாங்குவதா, அந்தத் துண்டை மூடிவிட்டு அதே தடத்தில் பஸ் விடுவதா என்று ஒரு மன்றம் கூடிப் பேசும். நிலையத்தைச் சுற்றி அதற்குள் யார் குடியிருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் அவர்கள் வாக்களிக்க முடியும்.